இருதய இரைச்சலும் இருநூறு ஆண்டுச் சந்தேகமும்



சுங்கை பஞ்சாங், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியை முதலில் நினைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பெண்பிள்ளை. காய்ச்சல் என்று தாய் கிளினிக்குக் கூட்டிப் போகிறாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிறார். ஒருமுறை கேட்டவர் மறுமுறையும் கேட்கிறார். பிறகு சொல்கிறார்: "இருதயத்தில் ஓர் இரைச்சல் கேட்கிறது. வால்வில் கோளாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிப் பார்த்தால்தான் தெரியும்."

மாலையில் செம்பனைக் காட்டிலிருந்து வந்த தகப்பன் கேட்கிறார்: "என்ன சொன்னாங்க? இருக்குதாமா, இல்லியாமா?" தாயிடம் பதில் இல்லை. அன்று இரவு வீட்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. இனிமேல் பிள்ளையை ஓடவிடாதே என்கிறாள் பாட்டி. அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, விட்டுத்தள்ளு என்கிறார் மாமா. பெண்பிள்ளை ஆச்சே, யாரிடமும் மூச்சு விடாதே, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இடைஞ்சலாகும் என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா.

நேயர்களே, நோய் இருக்கிறது என்று சொன்னால் மனம் ஒருவழியாகத் தாங்கிக்கொள்கிறது. இல்லை என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறது. இருக்கலாம் என்ற சொல்லைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. அந்தச் சொல் எப்படி வந்தது, இருநூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் அதனோடு எப்படிப் போராடினார்கள் என்ற வரலாற்றை இன்று பார்ப்போம். அதைத் தெரிந்துகொண்டால், அந்த இரவில் அந்த வீட்டில் என்ன பேசியிருக்கவேண்டும் என்பதும் நமக்குத் தெரியும்.

முதலில் வால்வு என்றால் என்ன? சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர் கடற்கரையோரமாக வாழும் நமக்கு அதை விளக்குவது எளிது. நம் பக்கத்துக் கால்வாய்கள் கடலைச் சேரும் இடங்களில் மதகுகள் இருக்கின்றன. கடல் வற்றும்போது மதகு வழியாக உள்ளே தேங்கிய நீர் வெளியே போகிறது. கடல் ஏறும்போது மதகு மூடி உப்புநீரைத் தடுக்கிறது. நீர் ஒரே திசையில் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. இருதயத்தில் உள்ள நான்கு வால்வுகளும் இப்படிப்பட்ட மதகுகளே. இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை திறந்து மூடுகின்றன.

மதகு இறுகிப் பாதி மட்டும் திறந்தால், நீர் அந்தச் சந்தில் சீறிக்கொண்டு பாயும். சரியாக மூடாவிட்டால் பின்னோக்கிக் கசியும். இரண்டிலும் சத்தம் உண்டு. அதுபோல் வால்வு சுருங்கினாலும் கசிந்தாலும் இரைச்சல் கேட்கும். ஆனால் நல்ல மழை பெய்து கால்வாயில் வெள்ளம் வேகமாக ஓடும்போது, பழுதே இல்லாத மதகிலும் சத்தம் கேட்கிறது அல்லவா? அவ்வாறே காய்ச்சலிலும், இரத்தச் சோகையிலும், கர்ப்ப காலத்திலும், வளரும் பிள்ளைகளிடத்திலும் நல்ல வால்வு வழியாக ஓடும் இரத்தம்கூட இரைச்சல் போடும். சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இரைச்சலைக் கேட்பது ஒன்று, அது ஏன் வருகிறது என்று அறிவது வேறொன்று.

இந்த இரைச்சலைத் தெளிவாகக் கேட்க வழி செய்தவர் பிரான்சு நாட்டு வைத்தியர் ரெனே லென்னெக். 1816-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில், இருதய நோய்க்கு ஆளான ஓர் இளம்பெண்ணை அவர் சோதிக்க வேண்டியிருந்தது. அந்நாளில் நோயாளியின் நெஞ்சில் நேராகக் காதை வைத்துக் கேட்பதுதான் வழி. பெண்ணின் நெஞ்சில் காது வைப்பது முறையல்ல என்று எண்ணிய அவர், காகிதத்தைக் குழாய்போல் இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். முன்னிலும் தெளிவாக இருதயத்தின் ஒலி கேட்டது. அதுவே ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. 1819-இல் அவர் எழுதிய நூல் உலகமெங்கும் பரவியது.

ஆனால் குழாயைக் கண்டுபிடித்தவரே எல்லா ஒலியையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இருதயத்தின் இரண்டாவது ஒலி வால்வுகள் மூடுவதால் எழுவது என்று இன்று நமக்குத் தெரியும். லென்னெக்கோ அதை இருதயத்தின் மேலறைகள் சுருங்குவதால் வருவது என்று நினைத்தார். காதுக்குக் கிடைத்தது புதிய செய்தி, அதன் பொருள் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

குழாய் வந்தபின் இரைச்சல்கள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அதோடு அச்சமும் வந்தது. இரைச்சல் கேட்டாலே இருதய நோய் என்று பல வைத்தியர்கள் தீர்ப்பெழுதினார்கள். வேலைக்குப் போகாதே, மாடிப்படி ஏறாதே, கல்யாணம் செய்யாதே என்றெல்லாம் தடை போட்டார்கள். நோயே இல்லாத எத்தனையோ பேர் நோயாளிகளாக வாழ்ந்து முடிந்தார்கள்.

இந்த வழக்கத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டவர் ஜேம்ஸ் மெக்கன்சி. அவர் பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர் அல்லர். ஸ்காட்லாந்தில் 1853-இல் பிறந்து, 1879 முதல் இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் ஊரில் சாதாரண வைத்தியராக இருந்தவர். பர்ன்லி நெசவாலை ஊர். அங்கே நோயாளிகளில் பலர் ஆலைத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே. ஒருமுறை, வால்வு நோயுள்ள கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பிரசவ வேளையில் அவர் கண்முன்னே மாண்டுபோனாள். முன்கூட்டியே இதை அறிந்திருக்க முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. நூல்களைப் புரட்டினார். பதில் இல்லை. எந்த இரைச்சல் ஆளைக் கொல்லும், எது கொல்லாது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

அவர் செய்தது மிகவும் எளிமையான காரியம். தம்மிடம் வந்த ஒவ்வொருவரின் இருதய நிலையையும் எழுதி வைத்தார். பிறகு அவர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்து வந்தார். நாடித் துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவி ஒன்றையும் உள்ளூர்க் கடிகாரக்காரர் உதவியோடு செய்துகொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் பார்த்தபின் அவருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. இரைச்சலோடு இருந்த பலர் உழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், முதுமை வரை வாழ்ந்தார்கள். வேறு சிலர் சில ஆண்டுகளிலேயே மூச்சு வாங்கி, கால் வீங்கி மடிந்தார்கள். ஆகவே இரைச்சலை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இருதயம் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். 1907-இல் அவர் லண்டன் சென்றார். 1908-இல் இருதய நோய்கள் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. உலகமே கேட்டது.

அவர் பாடம் விரைவில் பயன்பட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று பெருந்தொகையான பிரிட்டிஷ் சிப்பாய்கள் படையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பலருக்கு வால்வு நோய் என்ற முத்திரை விழுந்தது. மெக்கன்சியின் வழியில் வந்த தாமஸ் லூயிஸ் என்பவர் இதற்கென ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் அவர்களை ஆராய்ந்தார். பலருடைய வால்வில் பழுதில்லை என்று கண்டார். படுக்கையில் கிடத்துவதற்குப் பதிலாகச் சிறிது சிறிதாக உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார். நிறையப் பேர் எழுந்து நடமாடினார்கள்.

இதுவரை கேட்டதிலிருந்து, இரைச்சலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக்கூடாது. இந்தச் சந்தேகத்திற்கு மறுபக்கமும் உண்டு. அது தொண்டையிலிருந்து தொடங்குகிறது.

பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வருவதும் போவதும் வழக்கம். அவற்றில் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வருபவை. அந்தப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கும். இதை மூட்டுவாதக் காய்ச்சல் அல்லது ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். மூட்டுவலி சில நாளில் போய்விடும். தகப்பனும் தாயும் மறந்துவிடுவார்கள். ஆனால் அது போகும்போது இருதய வால்வில் தழும்பு வைத்துவிட்டுப் போகக்கூடும். இந்தக் காய்ச்சலுக்கும் தொண்டைக் கிருமிக்கும் உள்ள தொடர்பை 1931-இல் நியூயார்க்கில் ஆல்வின் கோபர்ன் என்னும் மருத்துவர் விரிவாக எடுத்துக் காட்டினார்.

அதிலும் சந்தேகம் குறையவில்லை. ஏனென்றால் இது மூட்டுவாதக் காய்ச்சல்தான் என்று உறுதியாகச் சொல்லத் தனியொரு சோதனை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே பாஸ்டன் நகரத்து டாக்டர் டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் ஒரு முறை வகுத்தார். நோயின் அடையாளங்களைப் பெரிய அடையாளம், சிறிய அடையாளம் என்று பிரித்து, இத்தனை சேர்ந்திருந்தால் இந்த நோய் என்று கொள்ளலாம் என்றார். பலமுறை திருத்தப்பட்டாலும், இன்றுவரை டாக்டர்கள் பின்பற்றுவது அந்த முறையைத்தான்.

அவரும் அவருடைய தோழர் எட்வர்ட் பிளாண்டும் இன்னொரு பெரிய காரியம் செய்தார்கள். இந்தக் காய்ச்சல் வந்த 1,000 பிள்ளைகளையும் இளைஞர்களையும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1951-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் 653 பேருக்கு இருதயத்தில் நோயின் அடையாளம் இருந்தது. 20 ஆண்டு கழித்துப் பார்த்தால் அவர்களில் 108 பேருக்கு அந்த அடையாளம் மறைந்துவிட்டது. தொடக்கத்தில் 347 பேருக்கு இருதயத்தில் ஒன்றுமே இல்லை. அவர்களிலோ 154 பேருக்குப் பின்னாளில் வால்வு நோய் தென்பட்டது.

நேயர்களே, இந்தக் கணக்கைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் ஆறில் ஒருவருக்கு அடையாளம் போயிற்று. இல்லை என்று சொல்லப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் வந்தது. முதல் நாள் எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் பார்த்தாலும் இந்த இரு கூட்டத்தையும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அந்த நிலையில் இருக்கலாம் என்று சொல்வதே நேர்மையான பேச்சு.

இனி, இந்தக் காய்ச்சலைத் தடுக்கும் வழி பிறந்த கதையைக் கேளுங்கள். இது நம் லயங்களோடு மிக நெருங்கிய கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், வாரன் விமானப்படை முகாமில் இளம் சிப்பாய்களுக்குத் தொண்டைப் புண் வந்துகொண்டே இருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர்கள், தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் கொடுத்தால் பின்னால் வரும் மூட்டுவாதக் காய்ச்சல் பெரும்பாலும் வராமல் போகிறது என்று 1950-இல் காட்டினார்கள். புண் வந்து ஒன்பது நாள் கழித்துக் கொடுத்தாலும்கூடப் பலன் இருந்தது. அவர்கள் கண்ட மற்றொரு செய்தி, படுக்கைகளுக்கு இடையே இடைவெளி குறையக் குறையக் கிருமி எளிதாகப் பரவுகிறது என்பது.

படுக்கை நெருக்கம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அறை, ஒரு சிறு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை என்றிருந்த பழைய லயத்து வீடுகளில் பாட்டி முதல் பேரன் வரை வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். ஒருவர் தொண்டைக் கிருமி விடிவதற்குள் மற்றவர் தொண்டைக்குப் போய்விடும். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவுத் தரத்தை வகுக்கும் சட்டம் இந்நாட்டில் 1966-இல் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. வீடு விசாலமாவது வசதிக்காக மட்டும் அன்று. அது பிள்ளைகளின் வால்வையும் காப்பாற்றுகிறது. இந்நோயை ஏழைகளின் இருதய நோய் என்று உலகம் சொல்வதற்கு இதுவே காரணம்.

நம் இனத்தார் வாழ்ந்த நாடுகளில் இந்த நோயைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் டாக்டர் பத்மாவதியை மறக்கமுடியாது. 1917-இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தவர். நம் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன அதே போர்க்காலத்தில், 1942-இல், வீட்டுப் பெண்களோடு பர்மாவைவிட்டுத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருதய மருத்துவம் கற்று, 1954-இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் இருதய நோய்க்கெனத் தனிக் கிளினிக் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர் அவரே. ஏழை வீட்டுப் பிள்ளைகளை வாட்டிய மூட்டுவாத இருதய நோயைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசியும் எழுதியும் வந்தார். 103 வயதில், 2020-இல் காலமானார்.

அதே டில்லியில் சுஜாய் ராயும் அவர் தோழர்களும் 1963-இல் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார்கள். காய்ச்சல் வந்து பல ஆண்டு கழித்து, நடுவயதை நெருங்கும்போதுதான் வால்வு சுருங்கும் என்று மேல்நாட்டு நூல்கள் சொல்லிவந்தன. இந்தியாவிலோ இருபது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே கடுமையான சுருக்கம் காணப்படுகிறது என்றார்கள். குளிர்நாட்டு நூலில் உறுதியாக எழுதியிருந்தது, நம் மக்களுக்குப் பொருந்தவில்லை. நம்மவரைப் பார்த்துத்தான் நம் நோயை அறியவேண்டும் என்ற பாடம் கிடைத்தது.

இதற்கிடையில் அறுவைச் சிகிச்சை முன்னேறியது. 1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்னும் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் இருதயத்துக்குள் விரலைவிட்டுப் பழுதடைந்த வால்வைத் திறக்க முயன்றார். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதன்பின் எந்த வைத்தியரும் அவரிடம் நோயாளிகளை அனுப்பத் துணியவில்லை. 1948-இல்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இச்சிகிச்சை மீண்டும் தொடங்கி நிலைபெற்றது. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் நெஞ்சு அறுவைக்கான பிரிவைத் தொடங்கினார். இந்நாட்டில் கோலாலம்பூரில் 1992-இல் தேசிய இருதயக் கழகம் அமைந்தது.

அறுவை வந்ததும் சந்தேகம் இன்னும் கூர்மையாயிற்று. சுருங்கிய வால்வானால் திறந்துவிடலாம். கசியும் வால்வைத் திறந்தால் ஆபத்து. இரண்டில் எது என்று வெளியிலிருந்து எப்படி அறிவது? சுவீடன் நாட்டில் லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கே எட்லர் இந்தக் கேள்வியோடு ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரிடம் போனார். அந்நாளில் கப்பல் கட்டும் துறையில், இரும்பில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிச் சோதிக்கும் கருவி இருந்தது. அத்தகைய கருவியைக் கடன்வாங்கி, 1953 அக்டோபரில் மனித இருதயத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே அசையும் இருதயத்தின் எதிரொலி திரையில் தெரிந்தது. இன்று நாம் எக்கோ என்று சொல்லும் சோதனை இப்படிப் பிறந்தது. வலியில்லை, ஊசியில்லை, கத்தியில்லை.

கண்ணாலேயே பார்க்க முடிந்தபின் சந்தேகம் தீர்ந்திருக்கவேண்டுமே? தீரவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜொகனஸ்பர்க் நகரத்தில் ஜான் பார்லோ என்பவர், ஒருவகை இரைச்சலுக்குக் காரணம் வால்வின் இதழ் பின்னோக்கிப் பிதுங்கிக் கசிவதே என்று 1963-இல் காட்டினார். அது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் எக்கோ பரவிய காலத்தில், சற்றே வளைந்து தெரிந்த வால்வுகளையெல்லாம் பிதுங்கிய வால்வு என்று எழுதத் தொடங்கினார்கள். நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு இது உண்டு என்ற கணக்கும் எழுந்தது. நன்றாக இருந்த இளம்பெண்கள் பலர் தம் இருதயத்தை நினைத்து அஞ்சி வாழ்ந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் ராபர்ட் லெவின் என்னும் மருத்துவர், அந்த வால்வின் விளிம்பு தட்டையானது அன்று, குதிரைச் சேணம்போல் வளைந்தது என்று விளக்கினார். ஆகையால் ஒரு பக்கமிருந்து பார்த்தால் நல்ல வால்வும் பிதுங்கியதுபோல் தெரியும். அளவுகோலைத் திருத்தி, அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஊர் மக்களைச் சோதித்து 1999-இல் வெளியிட்டபோது, நூற்றுக்கு 2.4 பேருக்கே அந்நிலை இருந்தது. மற்றவர்களுக்கு இத்தனை நாள் இருந்தது பயம் ஒன்றுதான்.

ஆகவே, நேயர்களே, மெக்கன்சி காலத்துத் தவறு கருவி மாறி மறுபடியும் வந்தது. திருத்தியதும் அதே வழிதான். பொறுமையாக, நிறையப் பேரை, திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

எக்கோ கருவி இப்போது கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறிதாகிவிட்டது. பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறார்கள். அப்போது நோயென்றும் சொல்ல முடியாத, நலமென்றும் சொல்ல முடியாத வால்வுகள் தென்படுகின்றன. இவற்றை எப்படி வகைப்படுத்துவது என்று உலக இருதயக் கூட்டமைப்பு 2012-இல் விதிகள் வகுத்தது. அவற்றை 2023-இல் திருத்தியது. அதாவது சந்தேகத்துக்கே ஓர் இடம் ஒதுக்கி, அதற்கொரு பெயரும் வைத்தார்கள்.

இப்படித் தொடக்கநிலை அடையாளம் மட்டும் தென்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வதில் பயன் உண்டா? உகாண்டா நாட்டில் 5 முதல் 17 வயதுவரை உள்ள 818 பிள்ளைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். மற்றவர்களுக்குப் போடாமல் கவனித்தார்கள். இரண்டாண்டு கழிந்தது. முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஊசி போட்ட ஏறக்குறைய 400 பேரில் நோய் முற்றியது 3 பேருக்கு. போடாத ஏறக்குறைய 400 பேரில் 33 பேருக்கு. இந்தக் கணக்கிலும் இரண்டு செய்திகள் உள்ளன. ஊசி போடாதவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் முற்றவில்லை. ஆகவே கலங்க வேண்டாம். ஆனால் யாருக்கு முற்றும் என்று முன்கூட்டித் தெரியாததால், கவனியாமல் விடவும் கூடாது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பழைய தோட்டங்களில் ஆஸ்பத்திரி என்றால் டிரஸர்தான். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965-இல் வந்தது. மலேரியாவும் காயமும் பிரசவமும் நிறைந்த நாட்களில், இருதயத்தின் மெல்லிய இரைச்சலைக் கேட்க அவருக்கு நேரம் கிடைத்தது குறைவு. ஆயினும் நல்ல டிரஸருக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எப்போது மூட்டு வீங்கியது, எந்தத் தாய் பிரசவத்தில் மூச்சுத் திணறினாள் என்று அவருக்குத் தெரியும். பர்ன்லியில் மெக்கன்சிக்கு இருந்த பலமும் அதுவே.

அந்தப் பலத்தை நாம் இழந்தோம். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடலால் எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தோட்டம் மாறிய குடும்பம் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிச் சென்றது, சாமி படத்தைத் தூக்கிச் சென்றது. பிள்ளையின் நோய்க்கதை மட்டும் டிரஸரின் புத்தகத்தோடு அங்கேயே நின்றுவிட்டது. புது ஊரில் புது டாக்டர் கேட்கும்போது தாய்க்கு நினைவில் இருப்பது, 'சின்ன வயசில் ஏதோ நெஞ்சுச் சத்தம் என்றார்கள்' என்பது மட்டுமே. இருபதாண்டுச் சந்தேகம் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே இந்த வரலாறு நமக்குச் சொல்வதைச் சுருக்கிச் சொல்கிறேன். இருக்கலாம் என்று டாக்டர் சொன்னால், அதைத் தண்டனையாகவும் கொள்ளவேண்டாம், விடுதலையாகவும் கொள்ளவேண்டாம். அது ஒரு தவணை. அந்தத் தவணைக்குத் திரும்பிப் போகவேண்டும். எக்கோ பார்க்கச் சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிகளிலிருந்து கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ எழுதிக் கொடுத்தால், ஒருநாள் சம்பளம் போகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். சோதனைச் சீட்டையும், ஊசி போட்ட தேதி அட்டையையும், பிறப்புச் சூராவை எப்படிப் பத்திரமாக வைக்கிறோமோ அப்படி வையுங்கள். வீடு மாறினால் அதுவும் கூட வரட்டும். மாதாந்தர ஊசி போடச் சொல்லியிருந்தால், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த ஊசியின் பலனாக இருக்கலாம். முன்பு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓடலாமா, விளையாடலாமா என்று பாட்டியிடம் கேட்காமல் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தடை இல்லை என்றால் பிள்ளையை விளையாட விடுங்கள். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், படுத்தால் திணறல், மயக்கம், நெஞ்சு படபடப்பு இவற்றில் எது வந்தாலும் தவணைக்குக் காத்திராமல் உடனே போங்கள்.

கடைசியாக ஒன்று. பெண்பிள்ளை என்று மறைக்கச் சொன்னாளே பக்கத்து வீட்டு அக்கா, அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பர்ன்லியில் பிரசவத்தில் மாண்ட அந்த நெசவாலை ஊர்ப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று மெக்கன்சிக்கு அறிய வழியில்லை. இன்று வழி இருக்கிறது. வால்வில் சந்தேகம் உள்ள பெண்ணும், முன்கூட்டிச் சொல்லி, கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே டாக்டரின் கண்காணிப்பில் இருந்தால் பெரும்பாலும் நல்லபடியாகப் பிள்ளை பெற முடிகிறது. மறைத்து வைத்தால், அவள் உயிரை நூறாண்டுக்கு முந்தைய இருட்டில் கொண்டுபோய் விட்டவர்களாவோம்.

ஆகவே அந்த மாலையில் வீட்டுக்கு வந்த தகப்பன், "இருக்குதாமா, இல்லியாமா?" என்று கேட்டால், தாய் தைரியமாகப் பதில் சொல்லலாம்: "இன்னும் தெரியலையாம். வர்ற மாசம் பதினாலாந் தேதி வரச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு நீங்களும் லீவு போடுங்க, சேர்ந்து போவோம்."